ஜப்பானில் கோடை விடுமுறை

சூரியன் உதிக்கும் நாடு எனப் போற்றப்படும் ஜப்பானில் கோடை இதமானது என்று எண்ணிவிடக் கூடாது. ஜூன் மாதத்தில் தொடங்கும் மழைக்காலம் ஜூலையில் ஓய்ந்ததும், புழுக்கம் நிறைந்த கடும் வெயில் வந்துவிடும். 2018-ஆம் ஆண்டு ஜூலையில் குமகயா நகரில் வெப்பம் 41.1 டிகிரி செல்சியசை எட்டியது. பணியின் பொருட்டுச் சிறு குழந்தைகளுடன் அங்குக் குடியேறும் அயல்நாட்டுக் குடும்பம் இக்கோடையில் மகிழ்வது எவ்வாறு? காண்போம்.

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. புதிதாக வந்த சிறுமி நான்கு சொற்களைக் கற்று, ஒரு தோழியைத் தேடிக்கொள்வதற்குள் விடுமுறை வந்துவிடுகிறது. பல ஊர்களில் இது ஏறத்தாழ 40 நாட்கள். அத்தனை நாட்களும் அவள் வீட்டுக்குள் தனித்திருக்க வேண்டுமோ?

வேண்டியதில்லை. காலை 6.30 மணிக்கு வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பாகிறது. 1928-ல் தொடங்கிய நிகழ்ச்சி இது. விடுமுறையில் அக்கம்பக்கத்துச் சிறுவர் சிறுமியர் பூங்காவில் கூடி, பியானோ இசைக்கேற்பக் குனிந்து நிமிர்வர். வந்தவர்களின் அட்டையில் முத்திரை குத்தப்படும். முன்னே நிற்பவரைப் பார்த்துச் செய்தால் போதும், மொழி தேவையில்லை. பின்னர் வலையுடன் சில்வண்டு பிடிக்கவும், துருவிய பனிக்கட்டியில் பாகு ஊற்றி உண்ணவும் தோழியர் கிடைத்துவிடுவர்.

பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்டு நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விழா வருகிறது. இரவில் உயர்ந்த மேடையைச் சுற்றி, முரசொலிக்கேற்ப வட்டமாக ஆடுவர். அவ்வட்டத்தில் அயலாரும் சேர்ந்து ஆடலாம்.

வெயிலை யாராலும் மாற்ற இயலாது. பக்கத்தில் நிற்க இடம் கொடுத்தால் அந்நியரும் நம்மவராவர். நம் வகுப்பிற்குப் புதிய மாணவி வரும்போது இதனை நினைவிற் கொள்வோமாக!