கல்குட்டையில் கரைவது குடிநீரில் சேரும்

சென்னையின் தென்புறத்தில் பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், வண்டலூர் எனத் தொடரும் குன்றுகள் சார்னோகைட் என்னும் மிகக் கடினமான கருங்கல்லால் ஆனவை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட கல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ஆம் ஆண்டில் இதற்கு அப்பெயரைச் சூட்டினார். நகரத்தின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஜல்லியாகிச் சென்ற இக்கல்லைப் பேரளவில் பெயர்த்தெடுக்க உளியும் சம்மட்டியும் போதாமையால், பாறையில் துளையிட்டு வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் முறை கல்குவாரிகளில் நிலைபெற்றது. சுரங்க இரசாயனம் என்றவுடன், 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலின் சயனைடு கலந்த மண்மேடுகளே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், உலோகம் எதையும் பிரித்தெடுக்காத கல்குவாரியிலும் வெடிமருந்தின் மூலப்பொருளான அம்மோனியம் நைட்ரேட்டும், இயந்திரங்களுக்கான டீசலும் மசகெண்ணெயும் நீரைக் கெடுக்கவல்ல பொருள்களாகவே புழங்குகின்றன.

வெடித்த பின் எஞ்சுவது

அம்மோனியம் நைட்ரேட் ஒரு வெண்ணிற உப்பு. எடையில் 94 பங்கு இவ்வுப்பும் 6 பங்கு டீசலும் சேர்ந்த கலவை உலகெங்கும் சுரங்கங்களில் பயன்படுகிறது. இக்கலவை முழுமையாக வெடித்தால் பெரும்பாலும் நைட்ரஜன் வாயுவாகவும் நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். கலவையின் அளவு பிசகினாலோ, துளைக்குள் ஈரம் இருந்தாலோ, நிரப்பும்போது சிந்தினாலோ, உப்பின் ஒரு பகுதி எரியாமல் தங்கிவிடும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் கரையக்கூடிய இவ்வுப்பு, முதல் மழையிலேயே பள்ளத்தில் தேங்கும் நீரில் கலந்துவிடுகிறது. சார்னோகைட்டில் நீர் பாறையின் உடலுக்குள் ஊறுவதில்லை, விரிசல்களின் வழியாகவே ஓடுகிறது. ஆகவே, மண்ணடுக்கில் வடிகட்டப்படும் வாய்ப்பின்றி, பள்ளத்து நீர் அக்கம்பக்கத்துக் கிணறுகளைச் சென்றடைய இயலும்.

குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. அதனை மீறிய நீரைக் கொண்டு பால் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும் நோய் வரக்கூடும். நீரைக் காய்ச்சினால் நைட்ரேட் நீங்குவதில்லை. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்கிறது. படிகாரத்தால் தெளியவைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்க்கும் வழக்கமான சுத்திகரிப்பும் அதனை அகற்றுவதில்லை.

குட்டையே குடிநீரான நகரம்

2017-ஆம் ஆண்டு வறட்சியில், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரிகளிலிருந்து சென்னைக் குடிநீர் வாரியம் நீர் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகருக்கு வழங்கியது. 2019-இன் கடும் பஞ்சத்திலும் அக்குட்டைகள் கைகொடுத்தன. குவாரி மூடப்பட்டபின் அது குடிநீர்த் தேக்கமாகலாம் என்பதைச் சென்னை தன் அனுபவத்திலேயே கண்டுவிட்டது. எனவே, இன்று வெட்டப்படும் ஒவ்வொரு பள்ளத்தையும் நாளைய ஏரியாகக் கருதியே விதிகள் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும்.

விதிகள் காப்பதும் விடுவதும்

விதிகளுக்குக் குறைவில்லை. 1984-இன் போபால் பேரழிவுக்குப் பின் இயற்றப்பட்ட 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அபாயகரமான இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி குறித்த விதிகள் 1989-இல் வந்தன. வெடிபொருள் விதிகள் 2008-இலும், அம்மோனியம் நைட்ரேட் விதிகள் 2012-இலும் வகுக்கப்பட்டு, உரிமம், கிடங்கு, இருப்புக் கணக்கு ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, இயந்திரங்களிலிருந்து வடிக்கப்படும் கழிவெண்ணெயைப் பொதுவாக 90 நாள்களுக்கு மேல் தேக்கிவைக்காமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் உரிய ஆவணத்துடன் ஒப்படைக்க வேண்டும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளும் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் 2012-இல் ஆணையிட்டது.

ஆயினும், அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றிய அக்கறை அது வெடித்துவிடும், திருடுபோகும் என்னும் அச்சத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோதுதான், 2015-இல் பறிமுதல் செய்யப்பட்டு மணலி அருகே கிடந்த சுமார் 700 டன் சரக்கு பொதுமக்களின் கவனத்துக்கு வந்தது. அது விரைந்து ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஒரே நாளில் வெடிப்பதற்கு அஞ்சும் சமூகம், ஆண்டுக்கணக்கில் கரைவதற்கும் அதே அளவு அஞ்ச வேண்டும்.

ஆகவே, ஈரத் துளைகளில் நீர்புகாத எமல்ஷன் வகை வெடிமருந்தையே பயன்படுத்துவது, சிந்தியதை அன்றே கூட்டி அள்ளுவது, டீசல் தொட்டியைச் சுற்றிக் கசியாத கரை கட்டுவது ஆகியவை ஒவ்வொரு குவாரியிலும் நாள்தோறும் நடக்கும் பணியாக வேண்டும். உரிமக் காலம் முடிந்து பள்ளத்தை ஒப்படைக்கும் முன், அதன் நீரிலும் சுற்றுக் கிணறுகளிலும் நைட்ரேட், அம்மோனியா, எண்ணெய் ஆகியவற்றின் அளவைச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தின் பலகையில் தமிழில் எழுதிவைக்க வேண்டும். வண்டலூர் முதல் சிக்கராயபுரம் வரை கல்லைக் கொடுத்த ஊர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது அந்தக் குட்டையும் அதன் நீருமே. அந்த நீரைக் குடிக்கத் தக்கதாகத் திருப்பித் தருவது குவாரி நடத்துபவரும் அரசும் அவ்வூர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன்.