செங்கல்பட்டு தந்த பாடம்

நம்மில் பலருக்கு இடது தோளுக்குக் கீழே ஒரு சிறு தழும்பு இருக்கும். குழந்தைப் பருவத்தில் போடப்பட்ட பிசிஜி தடுப்பூசியின் அடையாளம் அது. நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம் வட்டாரத்தில் வளர்ந்தவன் நான். வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலைப் 'பஞ்சுத் தூசி' என்று ஒதுக்கிவிடுபவர்களை இன்றும் காண்கிறேன். தழும்புதான் இருக்கிறதே, காசநோய் எப்படி வரும் என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

பிசிஜி தடுப்பூசி பயனற்றது அல்ல. குழந்தைகளைத் தாக்கும் மூளைச்சவ்வுக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது நன்றாகவே காக்கிறது. ஆனால், நோயைப் பிறருக்குப் பரப்புவது பெரியவர்களின் நுரையீரல் காசநோய். அதைத் தடுப்பதில் பிசிஜியின் ஆற்றல் இடத்துக்கு இடம் மாறுகிறது. பிரிட்டனில் 1950-இல் தொடங்கிப் பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வில், அது ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு அளித்தது. அதே தடுப்பூசி நம் மண்ணில் என்ன செய்தது?

அந்தக் கேள்விக்கு விடை காண, 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. சுமார் மூன்றரை லட்சம் மக்கள் அதன் வரம்புக்குள் வந்தனர். ஒரு பிரிவினருக்குப் பிசிஜியும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத ஊசியும் போடப்பட்டன. உலகிலேயே மிகப் பெரிய பிசிஜி ஆய்வு அதுவே. 1979-இல் வெளிவந்த முதல் முடிவுகள் அறிவியல் உலகை அதிரவைத்தன. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவே இல்லை. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின்னரும் அந்த முடிவு மாறவில்லை.

காரணம் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவினக் கிருமிகள் ஏராளம். அவற்றோடு சிறுவயது முதலே பழகிய உடலில் பிசிஜியின் விளைவு மங்கிவிடுகிறது என்பது பலர் ஏற்கும் ஒரு விளக்கம். எப்படியாயினும், ஓரிடத்தில் மெய்ப்பிக்கப்பட்ட தடுப்பூசியை வேறிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதைத் திருவள்ளூர் கிராம மக்கள் தங்கள் கையை நீட்டி உலகுக்குக் காட்டினார்கள். அவர்களுக்கு நாம் பெரிதாக நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

பழைய பிசிஜியையே மரபணு மாற்றத்தால் கூர்தீட்டும் முயற்சி இந்தப் பின்னணியில்தான் முக்கியத்துவம் பெறுகிறது. பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தில் ஸ்டீபன் காஃப்மன் குழுவினர் உருவாக்கிய 'விபிஎம்1002' அவற்றில் முதன்மையானது. உடலுக்குள் நுழையும் பிசிஜி கிருமியை நம் விழுங்கு அணுக்கள் ஒரு பைக்குள் அடைத்துவிடுகின்றன. கிருமியோ யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து, பைக்குள் அமிலம் பெருகாமல் பார்த்துக்கொண்டு பதுங்கிக்கொள்கிறது. பதுங்கிய கிருமியின் முழு அடையாளம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு எட்டுவதில்லை.

விஞ்ஞானிகள் இதில் இரண்டு மாற்றங்களைச் செய்தனர். யூரியேஸுக்கான மரபணுவை நீக்கினர். லிஸ்டீரியா என்ற வேறொரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்த மரபணுவைச் சேர்த்தனர். இந்த இரண்டாவது மரபணு உருவாக்கும் புரதம், அமிலச் சூழலில் பையின் சுவரைத் துளைக்கிறது. கிருமியின் கூறுகள் வெளியே கசிகின்றன. எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. துளைத்த புரதம் பைக்கு வெளியே விரைவில் சிதைந்துவிடுவதால் அணுவுக்குக் கேடில்லை.

இந்த வகையைப் புணேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. காசநோயாளிகளின் வீட்டாரிடம் இதைச் சோதிக்கும் மூன்றாம் கட்ட ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் தொடங்கியது. அதில் பங்கேற்றவர்கள் சுமார் 12,000 பேர்.

ஏன் இத்தனை பேர்? காசநோய்க் கிருமி தொற்றியவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. அதுவும் எப்போது என்று சொல்ல முடியாது. எனவே, தடுப்பூசி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் புலப்பட, ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். ஆய்வகத்தில் மரபணுவை வெட்டி ஒட்டுவதைவிட இதற்கே செலவு அதிகம்.

பொருளாதாரம் படித்தவனுக்கு உறுத்தும் இடம் இதுதான். 2023-இல் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளாகினர், 12.5 லட்சம் பேர் இறந்தனர். நோயாளிகளில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினர் இந்தியர்கள். தேவை இவ்வளவு இருந்தும் சந்தை இல்லை. ஏனெனில், தேவைப்படுவோர் ஏழைகள். 'எம்72' என்னும் மறுசேர்க்கைப் புரதத் தடுப்பூசி சுமார் 50 விழுக்காடு பாதுகாப்பு அளிப்பதாக 2018-லேயே தெரிந்தது. ஆனால், அடுத்த கட்ட ஆய்வு 2024-இல்தான் தொடங்கியது. அதற்கும் கேட்ஸ், வெல்கம் அறக்கட்டளைகள் 55 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. கோவிட் தடுப்பூசிகள் ஓராண்டுக்குள் வந்ததை நாம் மறந்துவிடவில்லை.

அரசின் கடமை இங்கேதான் தொடங்குகிறது. சென்னை கிண்டியில் 1948-இல் தொடங்கப்பட்ட பிசிஜி ஆய்வகம் நாட்டின் தடுப்பூசித் தேவையைப் பல பத்தாண்டுகள் சுமந்தது. உற்பத்தி நெறிமுறைக் குறைகளுக்காக 2008-இல் அதன் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. 2010-இல்தான் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. கட்டடத்தையும் கருவிகளையும் உரிய காலத்தில் புதுப்பிக்க ஆகும் செலவு வீண் செலவு என்று கருதியதன் விளைவு அது என்பது என் கருத்து.

'எம்72' ஆய்வு தென்னாப்பிரிக்கா, கென்யா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் நடக்கிறது. இந்தியா அதில் இல்லை. அங்கே வெற்றி என்ற செய்தி வந்தால் நாம் மகிழலாம். ஆனால், அது நம் மக்களிடமும் பலிக்குமா என்று தெரிந்துகொள்ள, மீண்டும் ஒரு திருவள்ளூர் இங்கே வேண்டியிருக்கும். அதற்கான நிதியையும் ஆய்வுக் களத்தையும் சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே இப்போதே ஆயத்தப்படுத்தத் தொடங்கினாலும், விடை கிடைக்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும்.