சீட்டில் ஏறிய பெயர்

சித்தேரி மலையில் ஒருவர் "நான் மலையாளி" என்றால், ஊர் பாலக்காடா, திருச்சூரா என்று கேட்கக் கூடாது. அவர் வீட்டில் பேசுவது தமிழ். பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் கவுண்டர் என்று இருக்கும். மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவுதான். தருமபுரி மாவட்டத்தின் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து மலைகளில் தினையும் சாமையும் விளைவித்து வாழ்கிற இந்த மக்களை வெளியூர்க்காரர்கள் இன்றும் கேரளக்காரர்கள் என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

அந்த மலைகளின் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. கரிராமன் என்ற தெய்வத்தின் பின்னால் அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டார்கள். ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தார்கள். பெண் எடுத்தது வெவ்வேறு சமூகங்களில். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. வரலாற்றுச் சான்றாக இதை எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் மலையோடு மலையாய்க் கலந்துவிட்ட ஒரு மக்கள், தங்களை வந்து குடியேறியவர்களாகவும், பல குருதி கலந்தவர்களாகவும் சொல்லிக்கொள்வது சாதாரணமில்லை. கலப்பை மறைக்கத்தான் பெரும்பாலான குலக்கதைகள் பாடுபடுகின்றன.

கதை இப்படியிருக்க, அரசுப் பட்டியல் வேறு கணக்குப் போடுகிறது. தருமபுரி, சேலம், வடஆற்காடு, தென்னாற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டங்களைப் பெயர் சொல்லி, அங்கிருக்கும் மலையாளிகளைப் பழங்குடியினர் என்கிறது பட்டியல். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர், கடம்பூர் மலைகளின் மலையாளிகள் அந்தப் பட்டியலில் வரவில்லை. பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் சாதிச் சான்றிதழ் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். மாவட்ட எல்லைக் கல் ஒருவருடைய இனத்தை மாற்றிவிடுகிறது.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே கிடக்கிற சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் இதே சிக்கலின் இன்னொரு முகம் இருக்கிறது. மலையாளிகளின் ஊர்களுக்கிடையே லம்பாடிகளின் குடியிருப்புகளான தண்டாக்களும் அங்கே உண்டு. வட இந்தியாவிலிருந்து, ராஜஸ்தான் பக்கமிருந்து, பொதிமாடுகளோடு தெற்கே இறங்கியவர்கள் லம்பாடிகள். உப்பும் தானியமும் அவர்கள் சரக்கு. உப்பைக் குறிக்கும் 'லவண' என்ற வடசொல்லிலிருந்தே அவர்கள் பெயர் வந்தது என்பாரும் உண்டு. திப்பு சுல்தானோடு கிழக்கிந்தியக் கும்பினியின் காரன்வாலிஸ் நடத்திய போரில் படைக்குத் தானியம் சுமந்தவை லம்பாடிகளின் மாடுகள். 1792-இல் அந்தப் போர் முடிந்தபோதுதான் தருமபுரி அடங்கிய பாராமகால் கும்பினி கைக்கு வந்தது.

ரயில் வந்ததும் பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. ஊர் ஊராக நடந்தவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தது வெள்ளை அரசு. 1871-இல் வந்த குற்றப் பழங்குடிச் சட்டம் நாட்டின் பல பகுதிகளில் லம்பாடிகள் மீதும் பாய்ந்தது. படைக்குச் சோறு சுமந்தவர்கள் பிறவிக் குற்றவாளிகள் ஆனார்கள். இன்று தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் அவர்கள் பழங்குடியினர். கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இந்த இரண்டும் இல்லை. எல்லா இடத்திலும் வீட்டுமொழி ஒன்றே, கும்பிடும் சேவாலாலும் ஒருவரே.

சிட்லிங்கியில் லம்பாடி இளம்பெண்கள் பாவாடையை விட்டுச் சேலைக்கு மாறி நாளாகிவிட்டது. சோழியும் கண்ணாடிச் சில்லும் வைத்து, சதுரமும் முக்கோணமுமாகத் தைக்கிற லம்பாடித் தையல் மூதாட்டிகளோடு போய்விடும் நிலைக்கு வந்தது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அந்த முயற்சியின் கிளையாகப் பின்னாளில் தண்டாப் பெண்களின் கைவினைக் குழு ஒன்று உருவானது. தையல் மறக்காத மூதாட்டிகளிடம் உட்கார்ந்து மற்றவர்கள் கற்றார்கள். குழுவுக்கு வைத்த பெயர் 'போர்கை'. லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். பாட்டி உடுத்தியதைப் பேத்தி உடுத்தவில்லை. ஆனால் தைக்கிறாள், விற்கிறாள், அது எங்களுடையது என்கிறாள். அடையாளம் உடம்பிலிருந்து கைக்கு இடம் மாறியிருக்கிறது.

இந்த மண் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது போலவே, ஆட்களை வெளியே அனுப்பவும் செய்தது. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. 1876–78 தாது வருடப் பஞ்சம் சேலத்தைச் சூறையாடியது: 1871-இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881-இல் 16 லட்சத்தைக்கூட எட்டவில்லை. செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களில் பலர் ஆள்பிடிக்க வந்த கங்காணியின் பின்னால் நடந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன முக்கியமான மாவட்டங்களில் சேலமும் ஒன்று.

அடிமை முறை அப்போது சட்டத்தில் இல்லை. பிரிட்டிஷ் பேரரசு 1833-இல் அதை ஒழிக்கச் சட்டம் போட்டது. இந்தியாவில் 1843-இல், அடிமை உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்று சட்டம் வந்தது. சங்கிலி போய்க் கடன் வந்தது. கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி எல்லாம் கூலியாளின் தலையில் கடனாக ஏறும். கடன் தொகை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தக் கடனைக் கட்ட இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் ஆள் இடம் மாறலாம். 1921-இல்தான் துண்டு முறை ஒழிந்தது. மனிதரை விற்கவில்லை, அவர் கடனைத்தான் கைமாற்றினோம் என்று துரைமார் சொல்லிக்கொள்ளலாம். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டின் அறையில் படுத்திருந்தவருக்கு அதில் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்?

சேலத்தார், திருச்சியார், மதுரையார் என்று தனித்தனியே போனவர்களை அந்த லயம் ஒரே மக்களாக்கியது. 1948-இல் இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள், திரும்பிவந்து நீலகிரியில் குடியேறியபோது 'சிலோன்காரர்' ஆனார்கள். அங்கேயே இருந்தவர்களை அரசு 'இந்தியத் தமிழர்' என்று எழுதியது. அவர்கள் 'மலையகத் தமிழர்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். 2023-இல், முன்னோர் வந்து இருநூறு ஆண்டானதைக் குறிக்கும் 'மலையகம் 200' நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் செத்து விழுந்த வழியில் அவர்கள் நடந்தார்கள்.

அடிமைகளும் கூலிகளும் ஒரே மண்ணில் இறங்கிய மொரீஷியஸில் கணக்கு இன்னும் கூர்மையானது. பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள், நவம்பர் 2 ஒப்பந்தக் கூலிகள் வந்த நாள். இரண்டுக்கும் அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டபோது, தமிழர் எதிர்ப்பால் அந்த நோட்டுகளை அரசு திரும்பப் பெற்றது. ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்களுக்கோ அரசியல் சட்டத்தில் தனிப் பெயரே இல்லை. இந்துக்கள், முஸ்லிம்கள், சீனர்கள் போக மீதியுள்ளோருக்கான 'பொது மக்கள்' என்ற வகையில் அவர்களும் அடக்கம். ஊர்ப்பெயரையும் மொழியையும் அடிமை வாணிபம் வேரோடு பிடுங்கியதால் அவர்களுக்கு நேர்ந்த இழப்பு இது. கூலிகளாகப் போனவர்களிடம் முருகனாவது மிஞ்சினான்.

இவையெல்லாம் பழங்கதை என்று தருமபுரி ஒதுக்கிவிட முடியாது. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் விடியலுக்கு முன்பே பெங்களூருப் பேருந்தில் ஆட்கள் ஏறுகிறார்கள்: பையில் கரணையும் ரசமட்டமும், மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸ் நெஞ்சில். ஊரில் அவர்கள் வன்னியர், பட்டியல் சாதியினர், லம்பாடி, மலையாளி. ஒருவர் தெருவில் இன்னொருவர் எளிதில் வீடு கட்டிவிட முடியாது. ஓசூரைத் தாண்டினால் எல்லாரும் 'தமிழர்' மட்டுமே. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வெடித்தபோது பெங்களூரில் தாக்கியவர்கள் யாரிடமும் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. அன்று ஓசூர் வழியாக ஓடிவந்த கூலிக் குடும்பங்களை, எந்த ஆற்றுக்காக அடித்தார்களோ அந்தக் காவிரி தருமபுரியின் ஒகேனக்கல்லில்தான் தமிழ்நாட்டு மண்ணில் விழுகிறது.