உணவென்று விற்கப்படும் ஔஷதம்

ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறையும், பத்தியம் இல்லை, தேகப்பயிற்சி இல்லை, பக்க விளைவு என்பதே கிடையாது என்று ஒரே மூச்சில் நான்கு வாக்குறுதிகளை அள்ளி வீசும் விளம்பரங்கள், முன்னெல்லாம் பஸ் நிலையச் சுவர்களோடும் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களோடும் நின்றிருந்தது போக, இப்பொழுது கைப்பேசியின் வழியாக வீட்டுக்குள்ளேயே புகுந்து, தைராய்டு என்றும் பிரசவத்துக்குப் பிந்திய பருமன் என்றும் மனம் நொந்திருக்கும் ஸ்திரீகளையும், கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு இடுப்பளவைக் கவலையோடு பார்த்துக்கொள்ளும் இளைஞர்களையும் தேடிப் பிடிக்கின்றன. திருவண்ணாமலை போன்ற க்ஷேத்திரத்தில் இந்த வியாபாரத்துக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. மூலிகை என்றாலே மலையும் சித்தர்களும் நினைவுக்கு வருகிற ஊரில், டப்பாவின் மேல் ஒரு மலையின் படத்தையும் ஒரு தாடிக்காரரின் படத்தையும் அச்சடித்துவிட்டால், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதே ஏதோ அபசாரம் போல ஜனங்களுக்குத் தோன்றிவிடுகிறது. அருணாசலேசுவரருக்கும் அந்த டப்பாவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையாதலால், தாராளமாகக் கேட்கலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சரீரத்தில் சேர்ந்திருக்கும் கொழுப்பில் ஒரு கிலோ கரைய வேண்டுமானால் ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர், ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் ஏற்றிப் புறப்பட்டு, அஷ்டலிங்கங்களையும் தரிசித்துக்கொண்டு, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதையும் காலால் நடந்து முடித்தால் அவர் செலவிடுவது ஏறக்குறைய 700 கலோரி. அது நூறு கிராம் கொழுப்புக்குக்கூட ஈடாகாது என்பதோடு, வழியில் இரண்டு வடையும் ஒரு டீயும் உள்ளே போய்விட்டால் அதிலும் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். பத்துக் கிலோ கரைவதென்றால் 77,000 கலோரி. முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 2,500-க்கும் அதிகம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்த அளவின்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணின் ஒரு நாள் தேவை 2,110 கலோரி, பெண்ணின் தேவை 1,660. ஆகவே மாதம் முழுவதும் ஒரு பருக்கை அன்னமும் தொடாமல் உபவாசம் கிடந்தாலும் கரையாத அளவு கொழுப்பை, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மாத்திரையின் தயவால் கரைத்துவிடலாம் என்று சொல்கிறவர், கூட்டல் கழித்தல் தெரியாதவராகவோ, தெரிந்தும் சொல்பவராகவோ இருக்க வேண்டும்.

"எனக்கு முதல் வாரத்திலேயே மூன்று கிலோ இறங்கியதே" என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிலாவாரை போன்ற பேதிச் சரக்கோ, சிறுநீரைப் பெருக்கும் சரக்கோ கலந்த பொடியைத் தின்றால் எடைமேடையின் முள் இறங்கத்தான் செய்யும்; இறங்கியது நீரும் மலமுமேயாதலால், பொடியை நிறுத்திய வாரமே அது பழைய இடத்துக்கு ஏறிக்கொள்ளும். மாதக்கணக்கில் பேதியாகிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இருதயத்தின் துடிப்பே தாறுமாறாகும் என்பதை மட்டும் துண்டுப்பிரசுரம் சொல்வதில்லை.

மூலிகைகளின் கதை சற்று விஸ்தாரமானது. கேரளத்திலும் நாஞ்சில் நாட்டிலும் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளி, 'கார்சினியா' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போய், கொழுப்பைக் கரைக்கும் அதிசயமாகப் பெரும் பிரசாரம் பெற்றது. 1998-ல் அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று: பருமனான 135 பேரை இரு பிரிவாக்கி, பன்னிரண்டு வாரம் ஒரே மாதிரியான பத்தியச் சாப்பாடு கொடுத்து, ஒரு பிரிவுக்குக் குடம்புளிச் சத்தையும் மறு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்ததில், குடம்புளி தின்றவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோவும், ஒன்றுமில்லாத மாத்திரை தின்றவர்களுக்கு 4.1 கிலோவும் குறைந்தன. வித்தியாசம் தற்செயலானதே என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்தார்கள். இரு சாராருக்கும் எடையைக் குறைத்தது பத்தியமே. அதற்குப் பிறகும் குடம்புளி மாத்திரை விற்பனையாகிக்கொண்டேதான் இருக்கிறது. இடையே அதைத் தின்றவர்கள் சிலருக்குக் கல்லீரல் வீங்கிய செய்திகளும் மருத்துவ ஏடுகளில் சேர்ந்துகொண்டே வருகின்றன. குழம்பில் போட்ட இரண்டு சுளைக்கும், சத்தாக இறக்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கும் பேதம் உண்டல்லவா?

நமது வறண்ட கரட்டு நிலங்களில் புதர் நிழலில் முளைக்கும் கள்ளிமுளையான், கிராமத்தார் துவையலாக அரைத்துண்ணும் பூண்டு. பசியை அடக்கும் என்பது அதைப்பற்றிய பழைய நம்பிக்கை. பெங்களூரில் ஐம்பது பேரிடம் அறுபது நாள் அதன் சத்தைக் கொடுத்துப் பார்த்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பசியும் இடுப்பளவும் ஓரளவு குறைந்தனவே தவிர, எடையில் வெற்று மாத்திரைக்காரர்களோடு ஒப்பிடத் தக்க வித்தியாசம் ஏற்படவில்லை. இது நேர்மையாக எழுதப்பட்ட முடிவு. அதே பெங்களூரில் பச்சைக் காப்பிக் கொட்டைச் சத்தைக் கொண்டு பதினாறே பேரிடம் நடந்த சோதனையோ வேறு விதமானது. 2012-ல் வெளியாகி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரபலம் பெற்று, கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கக் காரணமாயிருந்த அந்த ஆய்வில், பங்கேற்றவர்களின் எடைகளே திரும்பத் திரும்ப மாற்றி எழுதப்பட்டன என்று அந்நாட்டு வாணிப ஆணையம் குற்றம் சாட்டி, 2014-ல் அந்தச் சத்தைத் தயாரித்த கம்பெனியிடம் 35 லட்சம் டாலர் வசூலித்தது; ஆய்வுக் கட்டுரையும் அவ்வருஷமே திரும்பப் பெறப்பட்டது. விஞ்ஞானம் நிரூபித்தது என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குமுன், எத்தனை பேரிடம், எவ்வளவு நாள், எந்த வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு என்ற மூன்றையும் விசாரிப்பது நலம். கிரீன் டீயின் சத்திலும் இதே பாடம்தான்: கோப்பையில் குடிக்கையில் சாதுவான அந்த இலையின் முக்கியச் சத்து, நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அளவில் மாத்திரையாக உட்கொள்ளப்படும்போது கல்லீரலைத் தாக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது.

ஆக, லேபிளில் எழுதியுள்ளபடியே தயாரிக்கப்பட்ட டப்பா பெரும்பாலும் பணத்துக்குத்தான் நஷ்டம். நான் மிகுதியும் அஞ்சுவது, சொன்னபடியே வேலை செய்கிற டப்பாவைக் கண்டுதான். பசி அடியோடு போய்விட்டது, வாய் உலர்கிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, ஆனால் எடை மட்டும் மளமளவென்று குறைகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் தின்பது மூலிகை மட்டுமல்லவென்று சந்தேகிக்க வேண்டும். சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிக்கிறது என்று கண்டறியப்பட்டு, 2010-ல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து வாபஸாகி, 2011-ல் இந்திய அரசாலும் தடை செய்யப்பட்டது. தடைக்குப் பிறகு அது மாறுவேஷம் போட்டுக்கொண்டு 'முற்றிலும் இயற்கையான' பொடிகளுக்குள் குடிபுகுந்தது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அதிகாரிகள் கலப்படமென்று அறிவித்த 776 உபபோஷணப் பொருள்களில் பத்தில் நான்கு, எடைக் குறைப்புக்கென்று விற்கப்பட்டவை. அந்த நான்கிலும் பெரும்பான்மையானவற்றில் அகப்பட்டது சிபுட்ரமினே. ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்து விழுங்குவாரானால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

கலப்படம் இல்லாமலே உயிர் போவதும் உண்டு. 2026 ஜனவரியில் மதுரையில் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், உடல் மெலிய வெங்காரம் நல்லது என்று யூடியூபில் கண்ட வீடியோவை நம்பி, அதை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி உட்கொண்டு மாண்டுபோனதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. தட்டார்கள் பொன்னை உருக்கிப் பற்றவைக்கப் பயன்படுத்தும் அந்த உப்பைச் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து குன்றிமணிக் கணக்கில் கையாள்வது அவர்களுடைய சாஸ்திரம்; அந்தச் சாஸ்திரத்தை அறியாதவன் பேச்சைக் கேட்டு ஸ்பூன் கணக்கில் விழுங்குவது தற்கொலைக்குச் சமானம். சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. வைத்தியர் இல்லாத வைத்தியத்தைத்தான் சொல்கிறேன்.

எடையை மெய்யாகவே குறைக்கும் மருந்து உலகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. வாரம் ஒருமுறை ஊசியாகப் போடும் செமாக்ளுடைடு, ஒரு பரிசோதனையில் 68 வார முடிவில் சராசரி நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடையைக் குறைத்தது. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குறைந்தது இரண்டரைப் பங்குக்கும் சற்றுக் குறைவே. அதற்கும் வாந்தி, மலச்சிக்கல் முதலிய உபத்திரவங்கள் உண்டு. நிறுத்தினால் எடையில் பெரும்பகுதி திரும்பி வருவதும் உண்டு. ஆகையினால்தான் அது டாக்டரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாத வஸ்துவாக வைக்கப்பட்டிருக்கிறது. மெய்யான மருந்துக்கே இத்தனை காவல் இருக்க, அதைவிட வேகமாகக் குறைப்பதாகச் சொல்லும் பொடி மட்டும் மளிகைச் சாமான் போல எந்தக் காவலுமின்றி விற்கப்படுவானேன்?

இதற்கு விடை சட்டத்தில் இருக்கிறது. 1954-ஆம் வருஷத்திய மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் பட்டியலிலுள்ள 54 நோய்களுள் உடற்பருமனும் ஒன்று. அதைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தையும் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது, முதல் தடவை ஆறு மாதமும் மறு தடவை ஒரு வருஷமும் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இந்த இடுக்கிலிருந்து தப்பவே உற்பத்தியாளர் தம் சரக்கை மருந்தென்று சொல்லாமல் உணவென்று சொல்லி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லைசென்ஸ் வாங்கிக்கொள்கிறார். டப்பாவைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள்: பொடியெழுத்தில் பதினான்கு இலக்க எண் ஒன்றும், அதன் அருகே 'மருத்துவ உபயோகத்துக்கு அன்று' என்னும் வாசகமும் இருக்கும். முன்புறத்தில் பத்துக் கிலோவைக் கரைப்பதாகச் சபதம் செய்தவரே பின்புறத்தில் தம் சபதத்தை ரத்து செய்துவிடுகிறார். அந்தப் பதினான்கு இலக்கமும் தயாரிப்பவருக்கு லைசென்ஸ் உண்டென்பதற்கு அடையாளமேயன்றி, உள்ளிருப்பது எடையைக் குறைக்கும் என்பதற்கு அரசாங்கம் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அல்ல. எண்ணே இல்லாத டப்பாவைக் கையாலும் தொட வேண்டாம்.

உணவென்று சொல்லிக்கொண்டாலும் பொய் விளம்பரத்துக்கு விலக்கில்லை. 2006-ஆம் வருஷத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019-ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய ஆணையம் உற்பத்தியாளருக்கும், முகத்தைக் காட்டிப் பரிந்துரைத்த நட்சத்திரத்துக்கும் அதே அளவும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். சந்தேகமுள்ள பொருளை, கடைக்காரருக்கு அவ்விடத்திலேயே தெரிவித்துவிட்டு, உரிய கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் உரிமை வாங்கினவருக்கே இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தேகத்துக்குப் பெருந்தீங்கு நேர்ந்தால் மூன்று லட்சம் வரையும், மரணம் நேர்ந்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாமலும் நஷ்டஈடு கோர உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே வழி செய்யப்பட்டிருக்கிறது. திருவண்ணாமலைக்காரர் ஒருவர் டில்லியிலுள்ள கம்பெனியிடம் கைப்பேசி மூலம் வாங்கியிருந்தாலும், பிராதுக்காக டில்லிக்கு ரயிலேற வேண்டியதில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. எப்படித் தொடங்குவதென்று புரியாதவர்கள் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம்.

இவையெல்லாம் கையில் சாட்சியம் இருந்தால்தான் நடக்கும். நம்மவரோ ரசீது கேட்கக் கூச்சப்பட்டு, ஏமாந்த பிறகு யாருக்கும் தெரியாமல் டப்பாவைக் குப்பையில் போட்டுவிடுகிறவர்கள். தீங்கு நேர்ந்துவிட்டால் டப்பாவையும், அதில் எஞ்சியிருக்கும் மாத்திரைகளையும், பாட்ச் எண்ணையும், பணம் அனுப்பிய குறிப்பையும், விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகையில் அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரின் மேஜைமேல் வையுங்கள். வெட்கத்தினால் அதைப்பற்றி வாய் திறக்காத நோயாளியிடம், மஞ்சள் காமாலைக்குக் காரணம் தேடி அவர் செய்யும் பரிசோதனைகளில் பாதி வீணாகும்.