சாமையின் தவிடு எங்கே போகிறது?

ஜவ்வாது மலை என்றதும் நினைவுக்கு வருவது சாமை. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக மானாவாரியில் விளைவிக்கும் தானியம் அது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், நகரத்துக் கடைகளில் சாமைக்கு மவுசு கூடிவிட்டது. உடம்பு இளைக்கும், சர்க்கரை இறங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

உண்மை என்ன? ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் சாமையில் மாவுச்சத்து சுமார் 65 கிராம், புரதம் 10 கிராம். பச்சரிசி, புழுங்கலரிசியைப் போலவே இதுவும் சுமார் 350 கலோரி தரும். அளவில்லாமல் சாப்பிட்டால் எடை கூடத்தான் செய்யும். சாமையின் பலம் நார்ச்சத்தில் இருக்கிறது: தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, சாமையில் ஏழரை கிராமுக்கு மேல்.

நாரை நம் செரிமான நீர்களால் உடைக்க முடியாது. அதனாலேயே மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று எகிறுவதில்லை. மிச்சமுள்ள நார் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள்தான் குடல் சுவருக்கு உணவு.

புரதத்தில் சாமைக்கு ஒரு குறை உண்டு. லைசின் என்ற அமினோ அமிலம் போதாது. அதே மலையில் விளையும் கொள்ளில் அது தாராளம். புரதமும் 100 கிராமுக்கு 21 கிராமைத் தாண்டும். சாமைச் சோற்றுக்குக் கொள்ளுக் கடைசல் ஊற்றிச் சாப்பிட்டால் குறை தீர்ந்தது.

கவலை ஆலையில் தொடங்குகிறது. சாமை மணியின் உமி கெட்டியாக ஒட்டியிருக்கும். அதை நீக்காமல் உண்ண முடியாது. உமிக்குக் கீழே மெல்லிய தோலாகத் தவிடு. நாரும் தாதுக்களும் அதிகம் தங்கியிருப்பது அங்கேதான். உரலில் குத்தி முறத்தில் புடைத்த காலத்தில் அதில் பெரும்பகுதி மணியோடே நின்றது. இயந்திரமோ வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தீட்டுகிறது. எதற்காகச் சாமை வாங்கினோமோ, அது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. அரிசிக்கு நேர்ந்த அதே கதி!

தவிட்டிலுள்ள எண்ணெயால் தானியம் சீக்கிரம் காறிப்போகும் என்கிறார்கள் ஆலைக்காரர்கள். அதுவும் நிஜம்தான். ஆனால் மாதத் தேவைக்கு மட்டும் வாங்கினால் அந்தச் சிக்கலே இல்லை. தீட்டாத சாமை மங்கலான பழுப்பாக இருக்கும். தீட்டியது ரவை போல வெளுத்திருக்கும். எவ்வளவு தீட்டியது, எந்த மாதம் உமி நீக்கியது என்ற இரண்டு விவரங்களையும் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.