சாலையோர மரவேலை: ஓரத்தைச் சுத்தமாக விட்டால் சைக்கிள்காரரும் ஓரமாகப் போவார்

மழை ஓய்ந்து தை பிறந்ததும் கிராமங்களில் மரவேலை தொடங்கிவிடுகிறது. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்குத் தோப்புகளில் வெட்டு நடக்கிறது. மற்ற ஊர்களில் வரப்பு வேம்பைக் கழிப்பது, வேலிக்கருவையைத் தூரோடு எடுப்பது, வீட்டின் மேல் சாய்ந்த புளிய மரக் கிளையை இறக்குவது என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். முன்பு கோடாரியும் இழுப்பு ரம்பமும் வைத்து நாலு ஆள் இரண்டு நாள் செய்த வேலையை, இன்று ஒரு மெஷின் ரம்பமும் ஒரு டிராக்டரும் அரை நாளில் முடித்துவிடுகின்றன.

வேலை வேகமானதில் தவறில்லை. ஆனால் தோட்டத்தில் அறுத்த மரம் சாலை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கேதான் சண்டை தொடங்குகிறது. டிராக்டர் ஓட்டுபவர்களிடம் பேசினால் முதலில் வரும் குறை சைக்கிள்காரர்களைப் பற்றியதுதான். ‘ஹாரன் அடித்தாலும் ஒதுங்குவதில்லை, நடுத்தாரில் போகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் வரிசை கட்டிக்கொண்டு வருகிறார்கள்’ என்பார்கள். சைக்கிளில் போகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. கட்டை ஏற்றிய டிராக்டர் உரசுவதுபோல் வந்து பயமுறுத்துகிறது என்பார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைப் பிரித்துப் பார்த்தால், தீர்வில் பெரும்பகுதி மரம் வெட்டுகிறவர் கையில்தான் இருப்பது தெரியும்.

முந்துவதற்கு ஒரு கணக்கு

கட்டை ஏற்றிய டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, முன்னால் போகும் சைக்கிள் 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வித்தியாசம் 8 கிலோமீட்டர். அதாவது, ஒரு விநாடிக்கு டிராக்டர் சைக்கிளைவிட இரண்டே கால் மீட்டர்தான் கூடுதலாக நகர்கிறது.

டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 8 மீட்டர், சைக்கிள் 2 மீட்டர், முந்தத் தொடங்கும்போது 5 மீட்டர் இடைவெளி, முந்தி முடித்து இடப்பக்கம் திரும்ப இன்னொரு 5 மீட்டர். மொத்தம் 20 மீட்டர். இதைக் கடக்க 9 விநாடி ஆகும். அந்த 9 விநாடியில் டிராக்டர் 50 மீட்டர் முன்னேறியிருக்கும். எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் அதே நேரத்தில் 150 மீட்டர் வந்திருக்கும். எனவே ஒரு சைக்கிளை முந்த, எதிரே 200 மீட்டர் சாலை காலியாக இருக்க வேண்டும்.

நம் ஊர்ச் சாலைகளில் வளைவும் பாலமும் இல்லாமல் 200 மீட்டர் காலியாகக் கிடைப்பது எல்லா இடத்திலும் நடக்காது. அது தெரியாமல் முந்தப் போய், பாதியில் பஸ் வந்ததும் டிரைவர் சட்டென்று இடப்பக்கம் ஒடிக்கிறார். டிராக்டர் தாண்டிவிடும், பின்னால் வரும் டிரெய்லர்தான் சைக்கிளைத் தட்டும். இப்படித்தான் விபத்து நடக்கிறது. முந்தும்போது சைக்கிளுக்கும் டிரெய்லருக்கும் நடுவே குறைந்தது 5 அடி இடைவெளி வேண்டும். அது கிடைக்காத இடத்தில் பின்னாலேயே போவதுதான் வழி. ஒரு கிலோமீட்டர் தூரம் சைக்கிள் பின்னாலேயே போனாலும் கூடுதலாக ஆவது 2 நிமிடம்தான்.

அவர் ஏன் ஓரமாகப் போவதில்லை?

எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. “பெரியவரே, கொஞ்சம் ஓரமாத்தான் போங்களேன்!” என்பார் டிரைவர். “ஓரத்துல முள்ளு கெடக்கு தம்பி. நீ வேணா ஓட்டிப் பாரு” என்பார் பெரியவர்.

சாலையின் மண் ஓரத்தில் இறங்கி ஒரு நூறு அடி நடந்தால் பெரியவர் சொன்னது புரியும். வேலிக்கருவை வெட்டிய இடத்தில் முள் சிதறிக் கிடக்கும். ஒரு முள் போதும், சைக்கிள் டயர் பஞ்சராகிவிடும். சவுக்குக் கட்டை ஏற்றிய இடத்தில் உரித்த பட்டையும் குச்சியும் கிடக்கும். மழை பெய்தால் அந்தப் பட்டை வழுக்கும். டிராக்டர் சக்கரத்தில் ஒட்டி வந்த களிமண் தாரில் காய்ந்து கட்டிகட்டியாக நிற்கும். போதாக்குறைக்கு நெல், மக்காச்சோளம், எள் காயப்போட்டு, சுற்றிக் கல் வைத்திருப்போம். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடிப் பள்ளம் வேறு. அதில் சைக்கிள் சக்கரம் இறங்கினால் ஆள் வலப்பக்கம், அதாவது வண்டி வரும் பக்கம் விழுவார்.

சைக்கிள்காரர் தாரில் போவதைத் திமிர் என்று நினைக்க வேண்டாம். போக வேறு இடம் இல்லை. அந்த இடத்தை மறைத்தது பெரும்பாலும் நம் முள்ளும் நம் மண்ணும் நம் தானியமும்தான். எனவே மரவேலைக் கூலி பேசும்போதே, சாலையோரத்தைக் கூட்டிவிட்டுப் போவதையும் சேர்த்துப் பேச வேண்டும். இரண்டு ஆள், இரண்டு விளக்குமாறு, அரை மணி நேரம் போதும்.

கழித்த கிளையைச் சாலையோரம் தள்ளாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. வேம்பு, பூவரசு, கிளைரிசிடியா தழை நெல் வயலுக்கு நல்ல உரம். சன்னக் கிளைகளைத் தூளாக்கும் மெஷின் கிடைத்தால், அந்தத் தூளைத் தென்னை, வாழைக்கு மூடாக்காகப் போடலாம். மண் ஈரம் காயாமல் இருக்கும், களையும் குறையும். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை உழவன் செயலி மூலம் பதிவு செய்யலாம். இந்த மெஷின் உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

வெட்டும் முன்

முதலில் மரம் யாருடையது என்று பார்க்க வேண்டும். நிழல் நம் வயலில் விழுகிறது என்பதற்காக நெடுஞ்சாலைப் புளியமரம் நம்முடையது ஆகிவிடாது. அரசு நிலத்து மரத்தைத் துறையின் அனுமதியில்லாமல் தொடக்கூடாது. பட்டா நிலமானாலும் சந்தனம் போன்ற மரங்களுக்கும், மலைப்பகுதி மரங்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. வனத்துறையில் கேட்டபிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும்.

மின்கம்பி அருகே இருக்கும் மரமென்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கை வைக்க வேண்டும். மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் சொல்லலாம். பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும்.

சாலைப் பக்கம் விழ வாய்ப்புள்ள மரத்தைக் காலை 8 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 5.30 வரையும் வெட்ட வேண்டாம். அது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வரும் நேரம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுப்பதால், எல்லா ஊர்ச் சாலையிலும் அந்த நேரத்தில் சைக்கிள் கூட்டம் இருக்கும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலையாள் தவிர யாரும் வரக்கூடாது. சாலையின் இருபுறமும் சிவப்புத் துணியோடு ஒவ்வொரு ஆள் நிற்க வேண்டும். வண்டிகளைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தால் காவல் நிலையத்தில் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மெஷின் ரம்பத்தைப் பிடிக்கும்போது

மெஷின் ரம்பத்தில் மிகவும் ஆபத்தான இடம் பிளேடு நுனியின் மேல்பகுதி. அந்த இடம் மரத்திலோ கிளையிலோ பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கி, பிடித்திருப்பவர் முகத்தை நோக்கித் துள்ளும். அதனால் நுனியால் அறுக்கக் கூடாது. தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கக் கூடாது. முன்பிடிக்கு முன்னால் இருக்கும் பிரேக் தகடு வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். வேட்டி, லுங்கியோடு ரம்பத்தைத் தொட வேண்டாம். பேண்ட், ஷூ, கண்ணாடி, ஹெல்மெட் அவசியம்.

மரத்தைச் சாய்க்க, விழ வேண்டிய பக்கத்தில் அடிமரக் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் வெட்ட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம், அந்த வாய்க்குச் சற்று மேலே அறுத்து வர வேண்டும். முழுதும் அறுத்துவிடாமல் பத்தில் ஒரு பங்கு நடுவே விட வேண்டும். கதவுக்குக் கீல்போல அதுதான் மரத்தைச் சொன்ன பக்கம் சாய்க்கிறது. அதை அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். தப்பி ஓடும் வழியைப் பின்பக்கம் சாய்வாக முன்பே சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

கட்டை ஏற்றும்போது

டிரெய்லரின் பக்கவாட்டிலோ பின்னாலோ அளவுக்கு மீறி நீண்ட சுமைக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான். பக்கவாட்டில் நீட்டிய ஒரு கம்பு, சைக்கிள்காரரின் கழுத்து உயரத்தில் இருக்கும் என்பதை நினைத்தால் அபராதம் பெரிதாகத் தோன்றாது. நீளக் கட்டையைத் தோப்பிலேயே டிரெய்லர் அளவுக்கு அறுத்துவிடுங்கள். கயிற்றை இரண்டு இடத்தில் கட்டி, 2 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள். சுமை அமுங்கக் கயிறு தளரும்.

டிராக்டருக்கு இடது, வலது என்று இரண்டு பிரேக் மிதிகள். வயலில் திரும்ப அவை தனித்தனியாக வேண்டும். சாலையில் ஏறும் முன் இரண்டையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். பல டிரெய்லர்களுக்குப் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பின்சுமை டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும்.

இருட்டிய பிறகு

எல்லாவற்றையும்விட உயிரைக் குடிப்பது, இரவில் சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு விநாடியில் 17 மீட்டர் கடக்கிறது. டிரெய்லரைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 25 மீட்டர் போயிருக்கும். வண்டி நிற்க இன்னும் 20 மீட்டருக்குமேல் வேண்டும். டிம் விளக்கில் 40 மீட்டர் தெரிந்தாலே பெரிது. சைக்கிளுக்கோ பெரும்பாலும் விளக்கே இல்லை. கறுத்த சவுக்குக் கட்டை இருட்டோடு இருட்டாக நிற்கும்.

டிரெய்லரின் பின்னால் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்னால் வெள்ளை ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரு குவிண்டால் கட்டையின் விலைகூட ஆகாது. கட்டை மறைத்துவிட்டால் பலகையில் ஒட்டிக் கட்டையின் கடைசியில் தொங்கவிடுங்கள். பழுதாகி நின்றால் பின்னால் தூரத்திலேயே எச்சரிக்கை வையுங்கள். கல்லும் கிளையும் வைத்தால் அதையும் எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மறந்து விட்ட கல்லில் அடுத்த சைக்கிள்காரர் விழுவார். முடிந்தால் பொழுது சாய்ந்தபின் கட்டை ஏற்றாமல் இருப்பதே மேல்.

நம் வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிளையும் பார்க்க வேண்டும். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருக்கட்டும். டிராக்டர் பின்னால் ஒரு கையால் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு வருவதைக் கண்டால் கண்டிக்க வேண்டும். பெரிய சாலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். காதில் ஹெட்போன் கூடாது.

வாசகர்கள் கேட்பவை

*சொந்த டிராக்டரில் வியாபாரியின் கட்டையை வாடகைக்கு ஏற்றலாமா?*

விவசாயப் பயன்பாட்டுக்கு என்று காப்பீடு எடுத்த வண்டியில் வாடகைச் சுமை ஏற்றி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க வாய்ப்புண்டு. பிறகு நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டிவரும். டிரெய்லரும் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

*மெஷின் ரம்பத்துக்கு எவ்வளவு ஆயில் கலப்பது?*

மெஷினோடு வந்த புத்தகத்தில் சொன்ன அளவுதான். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. சூடாக இருக்கும்போது ஊற்ற வேண்டாம். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள்.

*விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் வழக்கில் மாட்டிக்கொள்வோமா?*

இல்லை. நல்லெண்ணத்தில் உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை கிடைக்கும்.

*முந்த வழியில்லை, பின்னால் வண்டிகள் வரிசையாக ஹாரன் அடிக்கின்றன. என்ன செய்வது?*

அகலமான இடம் வந்ததும் டிராக்டரை ஓரங்கட்டிப் பின்னால் வருபவர்களை விடுங்கள். அவர்கள் அவசரத்துக்காகச் சைக்கிளை நெருக்க வேண்டாம். அந்த ஓரம் முள் இல்லாமல் இருந்தால், அடுத்த முறை சைக்கிள்காரரே ஒதுங்கி உங்களுக்கு வழிவிடுவார்.