காயத்தின் பின் பாரந்தூக்கல்

காயமுற்று நெடுநாள் ஓய்ந்திருந்தவன் மீண்டும் பாரந்தூக்கப் புகுங்கால், அவனுக்கு இடர் விளைப்பது பெரும்பாலும் அவன் நினைவே. முன்னர்த் தூக்கிய நிறையையே இன்றும் தன் அளவெனக் கொள்கின்றான்.

இதற்கு மாறான முறையொன்றை வகுத்தவர் அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம். இளமையில் வாதக்காய்ச்சலுற்றுக் கிடந்து, பின் பாரந்தூக்கியே வலிமை பெற்றவர் அவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் சிக்காகோ நகரத்து இராணுவ வைத்தியசாலையொன்றில், முழங்காற் காயமுற்ற வீரர்க்குப் படிப்படியாகப் பாரங்கூட்டிப் பயிற்சியளித்து, அதன் பயனை 1945 இல் வெளியிட்டார். ஒருவன் பத்துமுறை மட்டுமே தூக்கவல்ல நிறை எதுவென முதலிற் சோதித்தறியப்படும். பின்னர்த் திருத்திய முறைப்படி, அதன் அரைப்பங்கு, முக்காற்பங்கு, முழுமை என்பன முறையே பத்துப்பத்துத் தடவை தூக்கப்படும். வாரந்தோறும் மீண்டுஞ் சோதனை. பழைய பெருமைக்கு இங்கு இடமேயில்லை.

எனினும் தசை பழையதை முற்றாக மறப்பதுமன்று. 2010 இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தார் எலிகளை ஆராய்ந்தபோது, தசைநார்கள் வளருங்காற் பெற்ற கலக்கருக்கள், தசை மெலிந்த பின்னும் நிலைத்திருக்கக் கண்டனர். பயின்ற தசை விரைவில் மீள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் அவ்வளவு விரைவில் வலுப்பெறுவதில்லை. ஆதலின், தசை இயலுமெனக் காட்டுமளவிற்கன்றி, நாண் பொறுக்குமளவிற்கே பாரத்தைக் கூட்டல்வேண்டும்; மறுநாட் காலையில் மூட்டு வீங்கியிருப்பின் முந்திய நிறைக்கு மீளல்வேண்டும்.